ஒரே பெயரில் இரண்டு மயக்க ஊசி

பல் பிடுங்க மயக்க ஊசி போட்டால் பிள்ளை கண் திறப்பானா? தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் இந்தப் பயம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அந்தப் பயத்தில் வலியோடே பிள்ளையை வைத்திருக்கிறார்கள். கிராம்பு, உப்புத் தண்ணீர், மருந்துக் கடை மாத்திரை என்று நாள் ஓடுகிறது. கன்னம் வீங்கிய பிறகு பல் டாக்டரிடம் போனால், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அவருக்கும் பயம் வந்துவிடுகிறது. "இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சீட்டு எழுதிவிடுகிறார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பஸ், ஒரு நாள் கூலி இழப்பு, பிள்ளையைத் தூக்கிச் செல்ல இன்னொரு ஆள்.

இந்தக் குழப்பத்தில் பாதி, சொல்லால் வந்தது. ஈற்றில் போட்டு பல்லை மரத்துப்போகச் செய்யும் ஊசியையும் 'மயக்க ஊசி' என்கிறோம். ஆளை முழுவதுமாகத் தூங்க வைத்து, மூச்சுக் குழாய் செருகி, ஆபரேஷன் தியேட்டரில் கொடுப்பதையும் 'மயக்க ஊசி' என்கிறோம். முதலாவது, தசை, நரம்பு நோயுள்ள பெரும்பாலானவர்களுக்குச் சரியான அளவில் போட்டால் பாதுகாப்பானது. இரண்டாவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதுவும் நோயின் பெயர் தெரியாமல் கொடுக்கும்போது உயிரையே எடுக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய பல் சிகிச்சை ஐந்து மாதம் தள்ளிப்போகிறது. சிறு சொத்தை சீழாகிறது. கடைசியில் எந்த மயக்கத்துக்குப் பயந்தோமோ அதுவே தேவைப்படும் நிலைமை வந்து நிற்கிறது.

என்ன நோய், என்ன பெயர்?

மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை நரம்பு வழியே வந்து, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைக் கடந்து, தசையை இயக்குகிறது. இந்த வழியில் எங்கே பழுது வந்தாலும் கை கால் சோர்ந்துவிடும். தசையே சிதைந்தால் தசைச் சிதைவு நோய். அதில் சிறுவர்களுக்கு அதிகம் வருவது டுஷேன் வகை. சந்திப்பில் பழுது என்றால் மையஸ்தீனியா கிரேவிஸ். நரம்பிலேயே பழுது என்றால் அதற்கு வேறு பெயர்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மயக்க மருந்துக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

நம் வீடுகளில் இவை அனைத்துக்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரே பெயர். பஸ் நிலையச் சுவரொட்டிகளில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதால், கேட்கும் டாக்டருக்கு அதிலிருந்து ஒன்றும் புரிவதில்லை. சிலர் 'போலியோ' என்கிறார்கள். சிலர் 'கால் வராது சார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போலியோவில் கால் சூம்பிய ஒருவருக்கும் டுஷேன் நோயுள்ள பையனுக்கும் பல் டாக்டரின் நாற்காலியில் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. பின்னவனுக்கு இதயத் தசையும் மூச்சுத் தசையும் வயது ஏற ஏறப் பலவீனமாகும். அது வெளியே தெரியாது. நடந்தால்தானே மூச்சு வாங்கும். உட்கார்ந்தே இருப்பவனுக்கு இதயம் சோர்ந்திருப்பது எப்படித் தெரியும்?

டுஷேன் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது, பழுதான மரபணு தாய் வழியாக வரலாம் என்பதை வைத்துக்கொண்டு மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வீடுகள் உண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயிடம் அந்தப் பழுது இருப்பதே இல்லை, புதிதாக ஏற்பட்டது. இருந்தாலும்கூட, அவள் செய்த தப்பு எதுவும் அதில் இல்லை. இந்தப் பழிக்குப் பயந்து நோயின் பெயரை வெளியில் சொல்லாமல் மறைக்கும் தாய்மார்கள், பல் டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தூங்க வைக்கும் மருந்தில் என்ன ஆபத்து?

முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக் குழாயை எளிதாகச் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒன்று போடுவார்கள். அதில் பழையதும் வேகமானதும் சக்சினைல்கோலின். நல்ல தசையுள்ளவருக்கு அது சில நிமிடங்களில் கலைந்துவிடும். டுஷேன் நோயுள்ள பிள்ளையின் தசைச் செல்லைச் சுற்றியிருக்கும் உறை ஏற்கெனவே கிழிந்த சாக்கு மாதிரி. இந்த மருந்து பட்டதும் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் மொத்தமாக ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று ஏறினால் இதயம் நின்றுவிடும். ஹாலோத்தேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற, முகமூடி வழியே முகரவைக்கும் மயக்க வாயுக்களும் இந்தப் பிள்ளைகளின் தசையை உடைக்கக்கூடியவை.

அமெரிக்காவில் இந்த மருந்தின் பெட்டியிலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடும் நிலை வந்தது. அதற்குக் காரணமான குழந்தைகள் யார் தெரியுமா? நோயாளி என்று தெரிந்தவர்கள் அல்ல. நன்றாக இருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்த சின்னப் பையன்கள். மயக்கம் கொடுத்த பிறகு இதயம் நின்றது. ஆராய்ந்து பார்த்தபோது கண்டுபிடிக்கப்படாத தசை நோய் இருந்தது. பெரும்பாலும் டுஷேன்.

இது நம் ஊருக்கு ஏன் முக்கியம் என்றால், மூன்று நான்கு வயதில் வாய் முழுக்கச் சொத்தையாகிவிட்ட குழந்தைகளுக்கு, ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் சரிசெய்ய முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. டுஷேன் பிள்ளைகளுக்கு நோய் அடையாளம் காணப்படுவதும் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். எனவே உங்கள் பையன் தாமதமாக நடந்தவனா, அடிக்கடி விழுகிறானா, குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறானா, கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரிப் பருத்திருக்கிறதா, தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் கை ஊன்றி ஏறி ஏறி எழுகிறானா? இதில் ஒன்றிரண்டு இருந்தாலும், எந்த மயக்கத்துக்கும் முன்பு டாக்டரிடம் சொல்லுங்கள். 'சிபிகே' என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும், சந்தேகம் வலுக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். 'பையன் சோம்பேறி, பேரனை அத்தை செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்' என்று சொல்லிக் கடந்துபோகும் வயது அது.

குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் மேசையில் இறந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 1960இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கால் உடைந்து வந்த ஓர் இளைஞன், உடைந்த காலைவிட மயக்க மருந்துக்கே அதிகம் பயந்தான். காரணம், அவன் உறவினர்களில் பத்துப் பேர் மயக்கம் கொடுக்கப்பட்டபோது இறந்திருந்தார்கள். அவன் சொன்னதை டாக்டர்கள் காதில் போட்டுக்கொண்டார்கள். புதிய மருந்தான ஹாலோத்தேனைக் கவனத்தோடு கொடுத்தும் அவன் உடல் கொதித்து, ரத்த அழுத்தம் விழுந்தது. உடனே நிறுத்தியதால் பிழைத்தான். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் அந்த மயக்க மருந்துக் கோளாறு மருத்துவ உலகுக்குப் புலப்பட்டது அந்தக் குடும்பத்தின் ஞாபகத்தால்தான். தசை நோய்களில் சில வகைகள், முக்கியமாக மையத் தசை நோய் எனப்படுவது, இந்தக் கோளாறோடு பிணைந்தவை. இதற்கு டான்ட்ரோலீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் முன்னதாகவே தெரிந்தால்தான் அதைத் தயாராக வைத்திருக்க முடியும்.

இவ்வளவு சொல்வதால் இந்தப் பிள்ளைகளுக்கு முழு மயக்கமே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ப்ரொபோஃபால் போன்ற மருந்தை நரம்பு வழியாக மட்டும் செலுத்தி, வாயு மயக்கத்தையும் சக்சினைல்கோலினையும் தவிர்த்துவிட்டு மயக்கம் கொடுக்கலாம். டுஷேன் நோய்க்கு 2018இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்த பராமரிப்பு வழிகாட்டியும் இதையே சொல்கிறது. ஆனால் அதற்கு மயக்கவியல் டாக்டர், இதயம், மூச்சு இரண்டையும் முன்கூட்டியே பரிசோதித்த அறிக்கை, பிறகு படுக்க வைக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் வேண்டும். அதாவது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கடைத்தெரு மாடியில் இருக்கும் பல் கிளினிக்கில் 'கொஞ்சம் தூங்க மட்டும் வைக்கிறோம்' என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். லேசாகத் தூங்க வைக்கும் மருந்துகூட மூச்சுத் தசை பலவீனமானவருக்கு மூச்சை அடக்கிவிடும்.

ஈற்றில் போடும் ஊசி

அது பெரும்பாலும் லிக்னோகெய்ன். இரண்டு சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பல் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. 20 கிலோ உள்ள பிள்ளைக்கு 88 மில்லிகிராம், அதாவது நான்கு மில்லிக்குச் சற்று மேல். ஒரு பல் பிடுங்க ஒன்றரை, இரண்டு மில்லி போதும். இங்கே கவனிக்க வேண்டியது, தசை கரைந்து மெலிந்த பன்னிரண்டு வயதுப் பையனின் எடை எட்டு வயதுப் பையனுடையதாக இருக்கலாம். வயதைக் கேட்டு அளவை முடிவு செய்யாமல் எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து இறக்கி நிறுத்த முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா எடை மேடையில் ஏறலாம். பிறகு அப்பாவின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலேயே போட்டு எழுதி வைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அந்த ஊசி மருந்தோடு ரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலின் கலந்திருக்கும். இதயம் பலவீனமானவருக்கு அதன் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். பல் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக: 1:80,000 கலவையில் ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம், இதய நோயாளிக்கு ஒரு அமர்வில் 40 மைக்ரோகிராம் என்பது பாடப்புத்தக வரம்பு. கணக்குப் போட்டால் மூன்று மில்லி. ஆக, ஒரு பல்லுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. பயந்து திருப்பி அனுப்ப வேண்டிய கணக்கு இதில் இல்லை.

ஊசியைவிடப் பெரிய ஆபத்து நாற்காலியில் இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். பல் டாக்டரின் நாற்காலி மல்லாக்கச் சாயும். மூச்சுத் தசை தளர்ந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு வாயில் பீய்ச்சும் தண்ணீரும் எச்சிலும் ரத்தமும் நுரையீரலுக்குள் இறங்கும். எனவே பாதி உட்கார்ந்த நிலையே போதும். முடிந்தால் சொந்தச் சக்கர நாற்காலியிலேயே வைத்துப் பல்லைப் பார்க்கலாம். உறிஞ்சுகுழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீழ்த்தாடையின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் மரத்துப்போகச் செய்யக் கூடாது. நாக்கும் உதடும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகும். வாயைத் திறந்தே வைத்திருப்பதும் இவர்களுக்கு உழைப்புதான். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மையஸ்தீனியா உள்ளவர்கள்

காலையில் நன்றாக இருந்து, பொழுது சாயச் சாய இமை தொங்கி, சோறு மெல்லும்போதே தாடை களைத்துப்போகும் நோய் இது. இளம் பெண்களுக்கும் வயதான ஆண்களுக்கும் அதிகம். இவர்கள் பல் டாக்டரைக் காலையில்தான் பார்க்க வேண்டும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்தால் தசைக்குப் பலம் இருக்கும். வயல் வேலை முடித்து மாலையில் போகலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

லிக்னோகெய்ன் இவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதது பிறகு எழுதித் தரும் மாத்திரை. பல்லைப் பிடுங்கிவிட்டுக் கொடுக்கும் கிருமிக்கொல்லிகளில் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்றவையும், அசித்ரோமைசின், எரித்ரோமைசினும், ஜென்டாமைசின் ஊசியும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை மேலும் அடைத்துவிடும். மூச்சுத் திணறல்வரை கொண்டுபோகலாம். மருந்துக் கடையில் பல்வலிக்கு என்று கேட்டு வாங்கும் 'செட்' மாத்திரையில் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அமாக்சிசிலின் பொதுவாகப் பாதுகாப்பானது. அதையும் டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

அதே நேரம், பல்லில் சீழ் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் இவர்களுக்குப் பாதுகாப்பல்ல. உடம்பில் எந்தக் கிருமித் தொற்று வந்தாலும் மையஸ்தீனியா முற்றும். மூச்சுத் தசை செயலிழப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தொற்றுதான்.

ஒரு தாள் போதும்

கேள்வி கேட்டால் அதட்டல் கிடைக்கும் என்பது நம் ஆட்களுக்குப் பழைய அனுபவம். அதனால் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நீட்டிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடுகிறோம். பேசத் தயங்கினால் தாள் பேசட்டும். வீட்டில் கல்லூரி படிக்கும் அண்ணனோ அக்காவோ உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினால் போதும். நோயின் முழுப் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், அதை உறுதி செய்த பரிசோதனை, கடைசியாக இதய எக்கோ எடுத்த தேதி, எடை, தினமும் சாப்பிடும் மருந்துகளும் அளவும், முன்பு மயக்கம் கொடுத்தபோது நடந்தது, பார்க்கும் நரம்பியல் டாக்டரின் பெயர். டுஷேன் என்றால் மேலே சிவப்பு மையில் 'சக்சினைல்கோலின் கூடாது, வாயு மயக்கம் கூடாது'. மையஸ்தீனியா என்றால் மேலே சொன்ன கிருமிக்கொல்லிகளின் பெயர்கள். இதைப் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். விபத்தில் பேச முடியாமல் 108 வண்டியில் போனாலும் அந்தத் தாள் உதவும்.

மருந்துப் பட்டியலில் இரண்டை விட்டுவிடக் கூடாது. ஒன்று, டுஷேன் பிள்ளைகள் சாப்பிடும் டெஃப்ளசகார்ட் அல்லது ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. பல் பிடுங்கும் நாளில் வெறும் வயிறு என்று நினைத்து அதை நிறுத்திவிடக் கூடாது. நாள்பட்டுச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அதிர்ச்சியைத் தாங்காது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குச் சீழ் பிடித்தாலும் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்பதும் நினைவிருக்கட்டும். மற்றொன்று, எலும்பு பலத்துக்காக வருடம் ஒருமுறை ஏற்றும் ஊசியோ வாரம் ஒருமுறை போடும் மாத்திரையோ. சோலெட்ரோனேட், அலெண்ட்ரோனேட் வகை அது. அதை எடுத்துக்கொள்பவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு. அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே பல்லைக் காட்டிவிடுவது உத்தமம்.

தசைச் சிதைவு நோய், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட 21 குறைபாடுகளில் ஒன்று. அந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு மூன்றைச் சொல்கிறது: குறைந்த வருமானமுள்ளவருக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில் இலவச மருத்துவம், அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் தடையின்றிப் போய்வர வசதி, சிகிச்சையில் முன்னுரிமை. வரிசையில் மூன்று மணி நேரம் கழுத்து சாய்ந்து காத்திருக்கும் பிள்ளைக்காக இந்தப் பிரிவைக் கேட்கலாம்; அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். தசைச் சிதைவு நோய்க்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேதான் விண்ணப்பம். ஊருக்கு வெளியே இருக்கும் நம் தெருக்களில் சக்கர நாற்காலி உருளப் பாதையே இல்லை என்பது தனிக் கதை. அதை இன்னொரு வாரம் எழுதலாம்.

கை தளர்ந்த பிள்ளைக்குச் சொத்தை வருவதே தன் கையால் பல் துலக்க முடியாததால்தான். பிரஷின் காம்பில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கச் சுற்றினால் பருமனாகிப் பிடிமானம் கிடைக்கும். அதுவும் முடியாத நிலை வந்தால் பின்னால் நின்று, தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நாம் துலக்கிவிட வேண்டும். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், ராத்திரி தூங்கும் முன்பு கட்டாயம். மெல்ல முடியாத பிள்ளையின் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும். ஈரத் துணியை விரலில் சுற்றி அதைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தாலுகா ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் வாயைக் காட்டினால், சொத்தை சின்னதாக இருக்கும்போதே ஊசியே இல்லாமல் அடைத்துவிடலாம்.